கள்ளத்தோணியும் காலாவதி விசாவும்

வாசகர் கேள்வி (மெல்பர்ன்):
அமெரிக்கா 104 இந்தியர்களைக் கையில் விலங்கு மாட்டி அமிர்தசரசில் இறக்கியதிலிருந்து இங்கே ஒரே ஒப்பாரி. சட்டத்தை மீறிப் போனவனைத் திருப்பி அனுப்பினால் என்ன தப்பு? விசா இல்லாமல் வந்த படகுகளை ஆஸ்திரேலியா நிறுத்தியபோதும் இதே கூத்துதான். அரசுப் பணத்தில் நடக்கும் ஏபிசியும் கார்டியன் பத்திரிகையும் அழுகிற குழந்தைப் படத்தைப் போட்டே காலத்தை ஓட்டின. மீடியா மொத்தமும் இடதுசாரி. யாராவது மறுக்க முடியுமா?

8 பிப்ரவரி 2025, இரவு

நான் மறுக்கிறேன். பிரிஸ்பேனில் பதினாறு வருடமாக இருக்கிறேன். இந்த ஊருக்கென்று இருக்கும் பெரிய நாளிதழ் ஒன்றே ஒன்று, கூரியர் மெயில். வலதுசாரி என்று பேர் வாங்கிய மர்டாக் குடும்பத்துப் பத்திரிகை. சிட்னியில் டெய்லி டெலிகிராஃப், மெல்பர்னில் ஹெரால்ட் சன், அடிலெய்டில் அட்வர்டைசர், நாடு முழுக்க தி ஆஸ்திரேலியன், எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். மொத்தமும் இடதுசாரி என்றால் இந்த வீட்டை எந்தத் தெருவில் வைப்பது?

அப்புறம் அந்தக் குழந்தைப் படம். இந்த நாட்டில் படகு விவகாரத்தில் தேர்தல் நேரத்தை ஆட்டிவைத்த குழந்தைப் படத்தைக் கொடுத்தது பத்திரிகை இல்லை, அரசாங்கம். 2001 அக்டோபர் 7ஆம் தேதி குடிவரவு அமைச்சர் பிலிப் ரடக், படகில் வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையே கடலில் வீசினார்கள் என்று சொன்னார். மூன்று நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ரீத் தரப்பிலிருந்து படங்கள் வந்தன. தண்ணீரில் குழந்தைகள், பக்கத்தில் மாலுமிகள். படம் நிஜம்தான். ஆனால் அது 8ஆம் தேதி அந்தப் படகு மூழ்கியபோது கடற்படையினர் ஆட்களைக் காப்பாற்றிய படம். நவம்பர் 10 அன்று தேர்தல். பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுபடி ஜெயித்தார். யாரும் எந்தக் குழந்தையையும் வீசவில்லை என்று செனட் குழு சொன்னபோது 2002 ஆகிவிட்டது.

அந்தப் படகுக்கு அதிகாரிகள் வைத்த பெயர் சீவ் 4. சீவ் என்றால் சந்தேகத்துக்குரிய சட்டவிரோத நுழைவுக் கலம். பெயர் வைக்கும்போதே தீர்ப்பையும் பாதி எழுதியாயிற்று.

9 பிப்ரவரி

"2001 பழைய கதை, க்யூவில் நிற்காமல் உள்ளே நுழைவது நியாயமா, அதற்குப் பதில் சொல்லுங்கள்" என்கிறார் அதே நண்பர்.

இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. 2009 அக்டோபரில் ஓஷியானிக் வைக்கிங் என்ற ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் 78 இலங்கைத் தமிழர்களைக் கடலில் மீட்டு இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குக் கொண்டுபோனது. அவர்கள் இறங்க மாட்டோம் என்று வாரக்கணக்கில் கப்பலிலேயே இருந்தார்கள். தினமும் செய்தி. நான் வந்து சில மாதம்தான். அலுவலக பார்பிக்யூவில் ஒருவர் என்னிடம் "உங்க ஆட்கள் இப்படி வருவது உனக்குச் சரியாகப் படுகிறதா?" என்று கேட்டார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தேர்வு, டிகிரி மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையில் நின்று வந்தவன் நான், அவர்களும் வரிசையில் நிற்கலாமே என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு இன்னொரு சாசேஜ் எடுத்துத் தட்டில் வைத்தார். நான் சைவம் என்பதை அப்போதுகூடச் சொல்லவில்லை.

அந்த வருடம் மே மாதம் முள்ளிவாய்க்கால். அங்கிருந்து வருகிறவனுக்கு எந்த ஊரில் எந்த ஜன்னலில் டோக்கன் கொடுத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ரேஷன் கடை க்யூ என்றால் கடை திறந்திருக்க வேண்டும். உலக அகதிகளில் ஒரு வருடத்தில் மூன்றாவது நாடு ஒன்றில் குடியமர்த்தப்படுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் க்யூ என்ற ஒரு சொல் போதும். கேட்கிறவன் மனதில் உடனே ஒரு வரிசை வந்துவிடும், அதில் தனக்கு முன்னால் ஒருத்தன் நுழைவதும் தெரிந்துவிடும். எனக்கே தெரிந்தது.

11 பிப்ரவரி

சொந்தக் கதை ஒன்று. வீட்டில் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

2011இல் நான் ஒன்பது நாள் இந்த நாட்டில் சட்டப்படி இல்லாமல் இருந்தேன். பணம் வாங்கிக்கொண்ட ஏஜென்ட் விண்ணப்பத்தை நேரத்தில் போடவில்லை, விசா முடிந்துவிட்டது. எனக்குத் தெரிய வந்தபோது வயிற்றில் புளி கரைத்தது. குடிவரவுச் சட்டத்தில் எனக்கு அப்போது இருந்த பெயர் 'சட்டத்துக்குப் புறம்பான குடியுரிமையற்றவர்'. படகில் வருகிறவருக்கும் அதே பெயர்தான், ஒரு எழுத்துகூட மாறாது.

நடந்தது என்ன? கவுன்டரில் ஒரு அம்மா. பெயர், பாஸ்போர்ட், எப்படி ஆயிற்று என்று கேட்டார். தற்காலிக பிரிட்ஜிங் விசா ஒன்று கொடுத்தார். "கவலைப்படாதே, நிறையப் பேருக்கு நடப்பதுதான்" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகம் திரும்பிவிட்டேன்.

நிறையப் பேர் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் இந்த நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேல் என்பது அந்தப் பத்தாண்டில் அரசே சொல்லிவந்த கணக்கு. பெரும்பாலும் விமானத்தில் வந்தவர்கள். பிரிட்டிஷ்காரர், அமெரிக்கர்கூட அதில் உண்டு. அவர்களை வைத்து யாராவது தேர்தல் கோஷம் கட்டியதாக உங்களுக்கு நினைவிருக்கிறதா? 'படகுகளை நிறுத்து' என்றது பின்னாளில் பிரதமரான டோனி அபட்டின் கோஷம். 'விமானத்தை நிறுத்து' என்றால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவது எப்படி!

12 பிப்ரவரி, காலை ரயிலில்

சொல் பற்றி ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன். 2013 செப்டம்பரில் அபட் அரசு வந்தது. ஸ்காட் மாரிசன் குடிவரவு அமைச்சர். அடுத்த மாதமே துறை ஊழியர்கள் படகில் வருகிறவர்களை 'சட்டவிரோதக் கடல்வழி வருகையாளர்' என்றே குறிப்பிட வேண்டும் என்று உத்தரவு. புகலிடம் கேட்டு அனுமதியில்லாமல் வருவது இந்த நாட்டுச் சட்டத்தில் கிரிமினல் குற்றம் இல்லை. அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவும் ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வந்தவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒரு துறையே கடிதத்துக்குக் கடிதம் அப்படி எழுதினால் செய்தியாளனின் விரல் தானாக அதைத் தட்டச்சு செய்துவிடும்.

இதை எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணையிடம் பெரிய கண்டுபிடிப்புப் போலச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, இது புதுச் சொல்லே? கள்ளத்தோணி எண்டு நாங்கள் எப்பவோ வைச்சிட்டம். என்ர அப்பா மலையகத்து ஆக்களை அப்பிடித்தான் சொல்லுவார். ரெண்டு மூண்டு தலைமுறை அங்கேயே பிறந்த சனத்தை."

எனக்குப் பேச்சே வரவில்லை. ஊரில் இந்தச் சொல்லை நாங்கள் சின்ன வயதில் விளையாட்டாகத்தான் சொல்வோம், டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறுகிறவனை. அந்தத் தீவில் அது 1948 குடியுரிமைச் சட்டத்தோடு சேர்ந்து லட்சக்கணக்கான மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய காலத்துச் சொல். 1952இல் இலங்கை அரசு தென்னிந்தியாவிலிருந்து வரும் தோணிகளைத் தடுக்க ராணுவத்தை இறக்கியது. ஆபரேஷன் மான்டி என்று பெயர். அபட் அரசு படகுகளைத் தடுக்கும் வேலைக்கு வைத்த பெயர் 'இறையாண்மை எல்லைகள் நடவடிக்கை'. அறுபது வருட இடைவெளி, பெயரில் மட்டும் கனம் கூடியிருக்கிறது.

14 பிப்ரவரி

பிலோவீலா குடும்பம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் 'அழுகிற குழந்தைப் படம்' என்று முதல் கேள்வி குத்துகிறது என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காக.

பிலோவீலா இங்கிருந்து வடக்கே, குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். இலங்கைத் தமிழ்க் கணவனும் மனைவியும் 2012, 2013இல் தனித்தனிப் படகில் வந்தவர்கள். கணவருக்கு இறைச்சி ஆலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகளும் இங்கே பிறந்தவர்கள். 2018 மார்ச் 5, விடியற்காலை. தாயின் பிரிட்ஜிங் விசா முடிந்த மறுநாள். எல்லைப் படை வந்து நால்வரையும் கொண்டுபோனது.

மறுநாள். எனக்கு ஒன்பது நாள் ஆகியும் கவுன்டரில் சிரித்த முகம் கிடைத்தது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 29 இரவு விமானத்தில் ஏற்றினார்கள். நீதிபதியின் தடை உத்தரவால் அது டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் தடுப்புக்காவல், ஏறக்குறைய இரண்டு வருடம். சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவி 2021 ஜூனில் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் பிலோவீலா திரும்பினார்கள், ஆகஸ்டில் நிரந்தர விசா.

நண்பருக்குச் சாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அகதிக் கோரிக்கையை அதிகாரிகள் நிராகரித்தார்கள், நீதிமன்றங்களும் மாற்றவில்லை. அப்போதைய உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், அது பொய் இல்லை. படங்களுக்குக் கீழே இந்த வரி பல நேரம் ஆறாவது ஏழாவது பத்தியில்தான் வந்தது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்காகப் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். ரேடியோவில் வலதுசாரிப் பேச்சாளர் ஆலன் ஜோன்ஸ். அப்போது பழமைவாத நேஷனல்ஸ் கட்சியில் இருந்த பார்னபி ஜாய்ஸ். இவர்களை இடதுசாரி என்றால் அவர்களே மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். ஊரில் பெரும்பாலும் பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற சனம். அவர்கள் கட்சி மாறவில்லை, 'எங்க ஊர்க்காரங்க' என்றார்கள், அவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயம். நம் வழக்கப்படி கணவர் தன் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரைப் போட்டிருந்தார். பத்திரிகைகள் அதையே குடும்பப் பெயராக்கி மனைவி பிள்ளைகளுக்கும் ஒட்டி வைத்துவிட்டன. மாமனார் பெயரில் ஒரு பெண் நாடு முழுக்கப் பிரபலம். என் பிள்ளைகளின் பள்ளியிலும் இதே கூத்துதான். என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு இதைக் கேட்டால் பெருமை தாங்காது.

14 பிப்ரவரி, தூக்கம் வராமல்

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒன்று உறுத்துகிறது. இதே காலத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தனியாள் ஆண்கள் எத்தனையோ பேர். மீசை வைத்த முப்பது வயது மீனவனின் படத்தை யாரும் பேனரில் போடவில்லை. நாங்களும் போடவில்லை. குழந்தைப் படத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு சாய்வு என்று நண்பர் சொன்னது, எரிச்சலாக இருந்தாலும், சரி. ஆனால் அவர் நினைக்கிற திசையில் இல்லை. அந்தச் சாய்வில் அடிபட்டது அரசாங்கம் இல்லை, அந்த மீனவன்.

16 பிப்ரவரி

ஏபிசி தவறே செய்யாதா என்று கேட்டவருக்கு: செய்யும். 2014 ஜனவரியில், கடற்படையினர் எங்களை எஞ்சினின் சூடான குழாயைப் பிடிக்க வைத்துக் கையைச் சுட்டார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சொன்னதை ஏபிசி வெளியிட்டது. காணொளி அவர்களின் பேச்சை உறுதிப்படுத்துவதுபோலத் தெரிகிறது என்று எழுதிவிட்டது. காணொளியில் இருந்தது கையில் புண், புண் எப்படி வந்தது என்பது அதில் இல்லை. அவர்களுடைய மீடியா வாட்ச் நிகழ்ச்சியிலேயே இது அத்துமீறல் என்றார்கள். நிர்வாகமும் வாசகம் இன்னும் துல்லியமாக இருந்திருக்க வேண்டும் என்று வருத்தம் தெரிவித்தது. இடையில் அபட், ஏபிசி ஆஸ்திரேலியாவைத் தவிர எல்லாருடைய பக்கமும் நிற்கிறது என்று சொல்லி முடித்திருந்தார்.

சரி, ஆனால் அந்தச் செய்தியை ஏன் சரிபார்க்க முடியவில்லை? 'கடலில் நடப்பவை' பற்றிப் பேச மாட்டோம் என்பது மாரிசனின் நிலையான பதில். படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா அடைத்து வைத்த நவுரு தீவுக்குப் போகலாம் என்றால், 2014இல் செய்தியாளர் விசாக் கட்டணம் 200 டாலரிலிருந்து 8,000 டாலராக ஏறியிருந்தது, விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே என்ன நடந்தது என்று ஊகித்தவனைப் பொய்யன் என்று சொல்வது சுலபம்.

17 பிப்ரவரி

சற்று விலகிப் போகிறேன். திருவாரூரிலிருந்து அப்பா போன் பண்ணினார். "விகடன் திறக்கலைடா, என் போன் கெட்டுப்போச்சா?" போன் கெடவில்லை. விகடன் ப்ளஸ் இணைய இதழில் ஒரு கார்ட்டூன். ட்ரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல. அண்ணாமலை புகார் கொடுத்தார், 15ஆம் தேதியிலிருந்து தளம் முடக்கம்.

104 பேர் கையில் நிஜ விலங்கு. அதற்கு வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மாநிலங்களவையில் கொடுத்த விளக்கம், இது 2012லிருந்து உள்ள நடைமுறை, திருப்பி அனுப்புவதும் புதிதல்ல, 2009இல் 734 பேர். கணக்கு சரிதான். ஆனால் மையால் வரைந்த விலங்குக்கு மட்டும் இத்தனை வேகமா? அப்பாவிடம் போன் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. தெருமுனைக் கடையில் கொடுத்து 150 ரூபாய்க்கு 'சரி' செய்திருக்கிறார்.

20 பிப்ரவரி

வெள்ளை மாளிகை தன் எக்ஸ் பக்கத்தில் ஒரு காணொளி போட்டிருக்கிறது. நாடு கடத்தப்படுகிறவர்களின் கால் சங்கிலி தரையில் உரசும் ஓசை, விலங்குகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும் ஓசை. தூக்கம் வரக் கேட்பார்களே ஏஎஸ்எம்ஆர், அந்தப் பெயரில். மனைவி எட்டிப் பார்த்து "இது கேலிக்கு யாரோ பண்ணியதா?" என்றாள். இல்லை, அரசாங்கமே போட்டது.

16ஆம் தேதி நான் எழுதியதோடு இதை வைத்துப் பார்க்கிறேன். ஆஸ்திரேலியா படமே வரக் கூடாது என்றது. அமெரிக்கா படத்தைத் தானே எடுத்து இசையில்லாத பாட்டாக்கி விடுகிறது. முன்னதில் செய்தியாளனுக்கு உள்ளே அனுமதியில்லை. பின்னதில் அவனுக்கு வேலையே இல்லை. மறைப்பதுதான் பெரிய ஆபத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆஸ்திரேலியாவும் எப்போதும் வாய் மூடி இருந்ததில்லை. 2022 மே 21, வாக்குப்பதிவு நாள். இலங்கையிலிருந்து 15 பேரோடு வந்த ஒரு படகை நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாக எட்டு வருடமாகப் 'பேச மாட்டோம்' என்றவர்கள், அன்று வாக்குப்பதிவு முடியுமுன் அறிக்கை விட்டார்கள். இழுபறித் தொகுதிகளில், அன்று ஆட்சியில் இருந்த லிபரல் கட்சியிடமிருந்து வாக்காளர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி. என் நண்பர் ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது வந்ததாம். அதிலும் ஒரு க்யூ.

23 பிப்ரவரி, திருத்தம்

இங்கே எழுதாமல் ஒருவருக்குத் தனியாக எழுதிய பதிலில், 2014 ஜூலையில் ஆஸ்திரேலியா 41 தமிழர்களை நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது என்று சொல்லியிருந்தேன். அவர் சரிபார்க்கச் சொன்னார். பார்த்தேன். மட்டக்களப்புக்கு அப்பால் ஒப்படைத்தது உண்மை. 41 பேர் என்பதும் உண்மை. அதில் சிங்களவர் 37, தமிழர் 4.

பத்து வருடமாக இதைத் தமிழர் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. அன்றைய அரசு அறிக்கையிலேயே எண்ணிக்கை பிரித்துச் சொல்லியிருந்தது. நான்தான் 37ஐக் கழித்துவிட்டுப் படித்திருக்கிறேன்.

அதே வாரங்களில் நடந்த இன்னொன்றோடு குழம்பியிருக்கலாம், அது முழுக்கத் தமிழர்: புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 பேர், குழந்தைகள் உட்பட, சுங்கக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம் அடைத்து வைக்கப்பட்டார்கள். வழக்கு, இந்த நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம்வரை போய் 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்று அரசு பக்கம் தீர்ப்பானது. குழம்பினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அண்ணையிடம் கேட்டேன். அவரும் 41 பேர் தமிழர் என்றுதான் சொன்னார். உண்மையைச் சொன்னதும், "அப்ப அதை விடு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "விடக் கூடாது என்ன?" என்றார்.

2 மார்ச்

முதல் கேள்வி கேட்ட நண்பர் கடைசியாக ஒரு நல்ல அடி கொடுத்திருக்கிறார். "இங்கே உட்கார்ந்து மர்டாக் பத்திரிகையைத் திட்டுகிறீர்கள். திருப்பூரில் வங்கதேசத்தார் கைது என்று நம் தமிழ்ப் பேப்பரில் வரும்போது என்ன செய்தீர்கள்?"

ஒன்றும் செய்யவில்லை. 'சட்டவிரோதமாகத் தங்கியிருந்த', 'ஊடுருவிய' என்று நாலு வரி. பனியன் கம்பெனி பெயர் வராது, போலி ஆதாரை விற்றவன் பெயர் அபூர்வமாக வரும், பிடிபட்டவர்கள் வரிசையாக நின்ற படம் மட்டும் வரும். தனுஷ்கோடி மணல்திட்டில் 2022இல் பட்டினிக்குப் பயந்து இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்களைப் பற்றி அதே பேப்பர் எழுதும்போது, கைக்குழந்தை, வெயில், குடிநீர் எல்லாம் வந்தது. இரண்டு கூட்டமும் விசா இல்லாமல் வந்தவர்கள்தான். இந்தியச் சட்டத்தில் இருவருக்கும் ஒரே பெயர், சட்டவிரோதக் குடியேறி. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை அகதிகள் முகாமிலிருந்து மறுவாழ்வு முகாம் என்று மாற்றியபோது நான் கைதட்டினேன். டெல்லியின் சட்டத்தில் சொல் மாறவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

நண்பர் இதைச் சொன்னது, எல்லாரையும் ஒரேமாதிரி திருப்பி அனுப்பு என்று வாதாட. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கேள்வி அவருடையது, நான் கேட்டிருக்க வேண்டியது.

9 மார்ச்

விகடன் பற்றிக் கேட்டவர்களுக்கு: சென்னை உயர் நீதிமன்றம் 6ஆம் தேதி, அந்த ஒரு பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறந்துவிடச் சொல்லிவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். போன் கடைக்காரர் கெட்டிக்காரர் என்கிறார்.

நேற்று தெருவில் பேசிக்கொண்டிருந்தபோது என் மகள் அண்ணையிடம் கள்ளத்தோணி என்றால் என்ன என்று கேட்டாள். நான் இங்கே எழுதியதை எட்டிப் பார்த்திருக்கிறாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பாஸ்போட் இல்லாமல் வாற படகு பிள்ளை" என்றார். "அப்பா வந்த மாதிரியா?" என்றாள். ஒன்பது நாள் கதையையும் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. இல்லை, அப்பா விமானத்தில் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை முந்திக்கொண்டு, "ஓம், கொஞ்சம் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டார்.